குவான்டிட்டி சர்வேயிங் முதுகலை: படிப்பைத் தேர்வதில் தொடங்கி சார்டர்ட் ஆகும் வரை

குவான்டிட்டி சர்வேயிங்கில், அதாவது கட்டுமானத்தின் அளவையும் செலவையும் ஒப்பந்தத்தையும் கணக்குப் பார்க்கும் தொழிலில், மேற்படிப்பு படிக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "படித்து முடித்த பிறகு உங்கள் பெயருக்குப் பின்னால் என்ன எழுத்துகள் வரவேண்டும்?" பெரும்பாலோர் எம்எஸ்சி என்கிறார்கள். அங்கேதான் சிக்கல். இந்தத் தொழிலில் பட்டம் வேறு, தொழில்முறை உறுப்பினர் தகுதி வேறு. எம்எஸ்சி சான்றிதழை வைத்துக்கொண்டு சார்டர்ட் (தொழில்முறை அமைப்பு ஒன்று அங்கீகரித்த) குவான்டிட்டி சர்வேயர் என்று கார்டு அடிக்க முடியாது. அதற்கு வேலை அனுபவமும் தனி மதிப்பீடும் வேண்டும். அதனால் கடைசிப் படியை முதலில் பார்த்துவிட்டுப் பின்னோக்கித் திட்டமிடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வீணானது.

முதலில் கையால் ஒன்றை அளந்து பாருங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் தொடும் முன் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஒரு சின்னக் கட்டடம்: வெளிப்புற அளவு 12 மீட்டருக்கு 8 மீட்டர், சுவரின் கனம் 0.30 மீட்டர். சுவரைச் சுற்றி அஸ்திவாரப் பள்ளம், அகலம் 0.75, ஆழம் 1.00. சுவரின் நடுக்கோடும் பள்ளத்தின் நடுக்கோடும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கன மீட்டர் தோண்ட வேண்டும்?

பலரும் சுற்றளவு 40 மீட்டர் என்று போட்டு 30 கன மீட்டர் என்பார்கள். தவறு. 40 என்பது சுவரின் வெளிமுகத்தைச் சுற்றி வரும் நீளம். பள்ளம் நடுக்கோட்டில் ஓடுகிறது. நான்கு மூலைகளிலும் ஒரு சுவர்க் கனம் வீதம் கழிக்க வேண்டும்: 40 கழித்தல் 4 பெருக்கல் 0.30, அதாவது 38.80 மீட்டர். பள்ளம் 29.10 கன மீட்டர். வித்தியாசம் 0.90தானே என்று தோன்றும். ஆனால் அஸ்திவாரக் கான்கிரீட், அதன் மேல் வரும் செங்கல் வேலை, ஈரத்தடுப்புப் படலம் எல்லாமே இதே 38.80ஐப் பிடித்துக்கொண்டுதான் வரும். அடியில் ஒரு எண் தவறினால் அதன் மேல் நிற்கும் எல்லாம் தவறும்.

அடுத்த கேள்வி. தோண்டிய மண் உப்பும். லாரியில் ஏற்றும்போது 29.10 இருக்காது, கூடுதலாக இருக்கும். அதை அளவில் சேர்க்க வேண்டுமா? வேண்டாம். தோண்டுவதற்கு முன் நிலத்தில் இருந்த அளவைத்தான் எடுப்போம். உப்புவதால் வரும் செலவை ஒப்பந்ததாரர் தன் ரேட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எது அளவில் வரும், எது ரேட்டில் ஒளிந்திருக்கும் என்று பிரித்துச் சொல்லும் விதிகளுக்குத்தான் அளவை முறை விதிகள் என்று பெயர்.

இந்தக் கணக்கைப் போடும்போது எரிச்சல் வந்தால் படிப்பைப் பற்றி மறுபடி யோசியுங்கள். "அப்படியானால் பள்ளத்தின் உள்மூலையில் இரண்டு முறை எண்ணுகிறோமா?" என்று ஒரு சந்தேகம் எழுந்தால், நீங்கள் இந்தப் பக்கத்து ஆள்.

உங்களுக்கு எந்த எம்எஸ்சி

விண்ணப்பிப்பவர்கள் மூன்று வகை.

முதல் வகை, கட்டுமானத்துக்குச் சம்பந்தமில்லாத பட்டம் படித்தவர்கள்: கணக்கியல், சட்டம், புவியியல், ஏன், இலக்கியம்கூட. இவர்களுக்கென்றே கன்வர்ஷன் எம்எஸ்சி இருக்கிறது. தொழிலுக்குள் நுழைய அது முழுமையான வழிதான், குறைந்த படிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். சட்டம் படித்துவிட்டு வந்தவர்கள் ஒப்பந்தப் பாடத்தில் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திணறுவது கட்டுமானத் தொழில்நுட்பத்தில். ஒரு சுவரின் குறுக்குவெட்டைப் பார்த்து எது முதலில் வரும், எது அதன் மேல் உட்காரும் என்று மனத்தில் கட்டிப் பார்க்கத் தெரியாவிட்டால் அளக்க முடியாது. டிராயிங்கில் காட்டாத பொருளையும் அளக்க வேண்டும் என்பதே தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் வகை சிவில் என்ஜினியர்களும் ஆர்க்கிடெக்ட்களும். இவர்களுக்கு வரும் ஆபத்து வேறு. எஸ்டிமேஷன் பாடம் இளநிலையிலேயே படித்தாயிற்று என்று நினைத்து அளவை வகுப்பில் கவனம் விடுவார்கள். அதே சமயம் பணம், ஒப்பந்தம், பேச்சுவார்த்தை என்று வந்தால் தடுமாறுவார்கள். இவர்களுக்கும் குவான்டிட்டி சர்வேயிங் எம்எஸ்சி பொருந்தும். வணிக மேலாண்மையையும் சேர்த்து நடத்தும் படிப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் வகை, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற குவான்டிட்டி சர்வேயிங் இளநிலை முடித்தவர்கள். இவர்கள் அதே பெயரில் எம்எஸ்சி படிப்பது, என் கருத்தில், காசைக் கரைப்பது. படித்ததையே திரும்பப் படிப்பார்கள். கட்டுமானச் சட்டமும் தகராறு தீர்வும், அல்லது புராஜெக்ட் மேலாண்மை என்று பக்கத்துத் துறைக்குப் போகலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரி போன்ற இடங்களில் கட்டுமானச் சட்டத்துக்கே தனி முதுகலை உண்டு. வழக்கறிஞரும் என்ஜினியரும் சர்வேயரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படிப்பார்கள்.

அங்கீகாரம்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

உலகளவில் அதிகம் மதிக்கப்படும் தகுதி ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சார்டர்ட் சர்வேயர்ஸ், சுருக்கமாக ஆர்ஐசிஎஸ், தருவது. 1868இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு, 1881இல் அரச சாசனம் பெற்றது. அதன் முழு உறுப்பினர் எம்ஆர்ஐசிஎஸ் என்று போட்டுக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் ஏஐக்யூஎஸ், கனடாவில் சிஐக்யூஎஸ், இலங்கையில் ஐக்யூஎஸ்எஸ்எல் என்று நாட்டுக்கு நாடு அமைப்புகள் உண்டு. சில நாடுகளில் இது சட்டமே. மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் குவான்டிட்டி சர்வேயர்கள் சட்டத்தின் கீழ் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நைஜீரியாவிலும் 1986 முதல் பதிவு வாரியம் இருக்கிறது. ஆகவே எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். அந்த நாட்டு அமைப்பு எந்தப் பட்டங்களை ஏற்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத் தேடல் அதற்குப் பிறகுதான்.

பார்க்கும்போது பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தை நம்பாதீர்கள். அமைப்பின் சொந்தப் பட்டியலுக்குப் போய் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்: படிப்பின் துல்லியமான பெயர், அது நடக்கும் வளாகம், முழுநேரமா பகுதிநேரமா தொலைநிலையா என்பது, நீங்கள் சேரும் ஆண்டு. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு எம்எஸ்சிக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்து எம்எஸ்சிக்கு இருக்காது. தாய் வளாகத்தில் இருக்கும் அங்கீகாரம் வெளிநாட்டுக் கிளைக்கும் தானாக வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. சேர்க்கை அலுவலகத்தில் தொலைபேசியில் "ஆமாம், இருக்கிறது" என்றால் போதாது, மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பின்னால் ஒப்பந்தப் பாடத்தில் இதையேதான் சொல்லித் தரப் போகிறார்கள்.

முழுநேரமா, வேலை பார்த்துக்கொண்டேவா

பிரிட்டிஷ் முறை எம்எஸ்சி என்றால் 180 கிரெடிட். வழக்கமாகப் பாடங்களுக்கு 120, ஆய்வேட்டுக்கு 60. ஒரு கிரெடிட்டுக்கு பத்து மணி நேர உழைப்பு என்பது கணக்கு. மொத்தம் 1,800 மணி. இதை ஒரு வருடத்தில் முடித்தால் முழுநேரம். இரண்டு வருடத்துக்குப் பரப்பினால் வாரத்துக்கு 17, 18 மணி. வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு வாரம் 18 மணி என்பது மாலை நேரமெல்லாம் போய், ஞாயிறும் பாதி போய்விடும் என்று அர்த்தம். வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்படியும், ஏற்கெனவே கட்டுமானத்தில் வேலை இருப்பவர்களுக்கு நான் பகுதிநேரத்தைத்தான் சொல்வேன். திங்கட்கிழமை வகுப்பில் படித்த இடைக்காலப் பட்டுவாடாவை (அதுவரை முடிந்த வேலைக்குப் பணம் கணக்கிடுவதை)ச் செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் செய்து பார்க்கலாம். சார்டர்ட் ஆவதற்கான அனுபவ நாட்களும் கூடவே ஓடும். வேறு துறையிலிருந்து வருபவருக்கு முழுநேரம் நல்லது. ஆனால் விடுமுறையில் எப்படியாவது ஒரு சைட்டில் கால் வைத்துவிட வேண்டும்.

விண்ணப்பம்

மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வு ஆகியவை எல்லா முதுகலைக்கும் உள்ளவைதான். ஐஈஎல்டிஎஸ் பல இடங்களில் 6.5 கேட்பார்கள். நோக்க அறிக்கையில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. "சிறு வயது முதலே கட்டடங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்குவதைத் தேர்வுக் குழு ஆயிரம் முறை படித்தாயிற்று. மேலே பார்த்த பள்ளக் கணக்கைப் போல நீங்களே முட்டி மோதிய ஒரு பிரச்சினையை எழுதுங்கள். வேறு துறையிலிருந்து வருகிறீர்களா? அங்கே நீங்கள் கையாண்ட ஒரு விலை ஒப்பீட்டையோ ஒப்பந்தத்தையோ எழுதுங்கள்.

பாடங்கள்: எதில் மெனக்கெட வேண்டும்

அளவை, செலவுத் திட்டமிடல், கொள்முதல் (கட்டும் வேலையை யாரிடம், எந்த முறையில் ஒப்படைப்பது), ஒப்பந்த நிர்வாகம், கட்டுமானத் தொழில்நுட்பம், சட்டம், பிஐஎம் (கட்டடத்தைத் தகவல்களோடு கணினி மாடலாக உருவாக்கும் முறை) என்று பாடங்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ஒரே உழைப்பைப் போட வேண்டியதில்லை.

அளவையில் விதிப் புத்தகத்தைப் படிப்பதைவிட அதை வைத்து அளப்பது முக்கியம். 1988இல் வந்த எஸ்எம்எம்7 என்ற பிரிட்டிஷ் விதிப் புத்தகம் நீண்ட காலம் ஆண்டது. 2013இல் அதன் இடத்துக்கு என்ஆர்எம்2 வந்தது. சிவில் என்ஜினியரிங் வேலைகளுக்கு சிஈஎஸ்எம்எம்4 தனி. பழைய விதியிலேயே பில் (வேலைகளின் அளவுப் பட்டியல்) தயாரிக்கும் அலுவலகங்கள் இன்னும் உண்டு என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் படித்தால் வீண் போகாது. மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை: காஸ்ட்எக்ஸ், புளூபீம் எல்லாம் இரண்டு வாரத்தில் பழகிவிடும். எக்ஸெல் நன்றாகத் தெரியாமல் மட்டும் வேலைக்குப் போகாதீர்கள்.

செலவுத் திட்டமிடலை மாணவர்கள் சதுர மீட்டர் ரேட்டைப் பெருக்கும் வேலை என்று நினைக்கிறார்கள். ஒரு சின்ன உதாரணம். 20க்கு 20 மீட்டர் கட்டடம், தரைப்பரப்பு 400 சதுர மீட்டர், சுற்றளவு 80. அதே 400ஐ 40க்கு 10 என்று நீட்டினால் சுற்றளவு 100. மூன்று மீட்டர் உயரத்துக்கு வெளிச்சுவர் முதலாவதில் 240 சதுர மீட்டர், இரண்டாவதில் 300. தரை ஒன்றுதான், சுவர் கால்வாசி கூடிவிட்டது. வெளிச்சுவர் கண்ணாடியாக இருந்தால் அந்தக் கால்வாசி எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். டிசைன் பென்சிலில் இருக்கும்போதே இதைச் சொல்ல வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு சொன்னால் யாருக்குப் பயன்? இப்போது செலவோடு கார்பனையும் கணக்கிடச் சொல்கிறார்கள். ஆர்ஐசிஎஸ்ஸின் முழு ஆயுள் கார்பன் மதிப்பீட்டுத் தரத்தின் இரண்டாம் பதிப்பு 2023இல் வந்தது. அளவு எடுக்கத் தெரிந்தவருக்கு இது அட்டவணையில் கூடுதலாக ஒரு நெடுவரிசைதான் என்பதால் பயப்பட வேண்டாம்.

ஒப்பந்தத்தில்தான் நான் எல்லோரையும் பிடித்து உட்கார வைப்பேன். ஃபிடிக், என்இசி, ஜேசிடி ஆகிய மூன்று மாதிரி ஒப்பந்தக் குடும்பங்களில் நீங்கள் போகும் நாட்டில் புழங்கும் ஒன்றையாவது ஷரத்து ஷரத்தாகப் படியுங்கள். ஏன் என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தில் ஒப்பந்தம். உரிமையாளர் சைட்டின் ஒரு பகுதியை ஆறு வாரம் தாமதமாகக் கொடுக்கிறார். தப்பு அவர் மேல்தான், கூட்டத்தில் ஒத்துக்கொள்ளவும் செய்கிறார். "பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். ஒப்பந்ததாரரின் ஆளும் நல்லுறவைக் கெடுக்க வேண்டாம் என்று கடிதம் போடவில்லை. 20.1ஆம் உபஷரத்தின்படி, நிகழ்வு தெரிந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாட்களுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தவறினால் கால நீட்டிப்பும் இல்லை, பணமும் இல்லை. 2017 பதிப்பிலும் நோட்டீஸுக்கு 28 நாள்தான், விவரமான கிளெய்முக்கு (கூடுதல் காலமோ பணமோ கேட்கும் கோரிக்கைக்கு) 84 நாள். என்இசி4இல் ஒப்பந்ததாரர் நஷ்ட ஈட்டு நிகழ்வை அறிவிக்க எட்டு வாரம். அதிலும் புராஜெக்ட் மேனேஜரே அறிவித்திருக்க வேண்டிய நிகழ்வுகளுக்கு விலக்கு உண்டு. இந்த எண்களை மனப்பாடம் செய்யுங்கள் என்று சொல்லவில்லை. எண் இருக்கிறது என்பதும், அது எங்கே இருக்கிறது என்பதும், ஓடத் தொடங்கியது எந்த நாள் என்பதும் தெரிய வேண்டும். மூன்றாவதில்தான் சண்டை வரும்.

ஆய்வேடு

தலைப்பைத் தேடாதீர்கள், தரவைத் தேடுங்கள். "குவான்டிட்டி சர்வேயிங்கில் பிஐஎம்மின் தாக்கம்" என்று எடுத்துக்கொண்டு ஐம்பது பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பதினாறு பதில் வாங்கி, பை சார்ட் போட்டு முடிப்பது பரவலாக நடக்கிறது. வேலைக்கு எடுப்பவர் யாரும் அதைப் படிக்க மாட்டார். மாறாக, ஒரே கட்டடத்தின் உள்சுவர்களை மாடலிலிருந்தும் டிராயிங்கிலிருந்தும் தனித்தனியே அளந்து, எங்கெங்கே எண்கள் பிரிகின்றன, ஏன் பிரிகின்றன என்று எழுதினால் அது உங்கள் நேர்காணலில் பேசுபொருளாகும். அலுவலகத் தரவைப் பயன்படுத்துவதென்றால் முதல் மாதமே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆய்வேடு பாதியில் இருக்கும்போது மேலாளர் மாறிவிடுவார், புதியவர் மறுத்துவிடுவார்.

பட்டம் வாங்கிய பின்: ஏபிசி

ஆர்ஐசிஎஸ் வழியில் போகிறவர்களுக்கு அடுத்தது தொழில்முறைத் திறன் மதிப்பீடு, அதாவது ஏபிசி (APC). அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்து, அனுபவம் ஐந்து வருடத்துக்குக் குறைவு என்றால் 24 மாதக் கட்டமைக்கப்பட்ட பயிற்சி, அதில் 400 நாள் அனுபவம். ஐந்திலிருந்து பத்து வருடம் வரை அனுபவம் இருந்தால் 12 மாதம், 200 நாள். அமைப்பு இந்த விதிகளை அவ்வப்போது திருத்தும். பதிவு செய்யும் நாளில் நடப்பு வழிகாட்டியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நண்பர் வைத்திருக்கும் பழைய பிரதி வேண்டாம்.

திறன்கள் மூன்று நிலைகளில் மதிப்பிடப்படும். முதல் நிலை, தெரியும். இரண்டாம் நிலை, செய்திருக்கிறேன். மூன்றாம் நிலை, காரணத்தோடு ஆலோசனை சொல்லியிருக்கிறேன். கொள்முதலையே எடுத்துக்கொள்வோம். டிசைன் அண்ட் பில்ட் (டிசைனையும் கட்டுவதையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் விடும் முறை) என்றால் என்ன என்று விளக்கினால் முதல் நிலை. டெண்டர் அறிக்கை தயாரித்தேன் என்றால் இரண்டாவது. "வாடிக்கையாளருக்கு டிசைனில் கட்டுப்பாடு முக்கியம், நேரம் இரண்டாம்பட்சம், அதனால் டிசைன் அண்ட் பில்ட் வேண்டாம் என்று சொன்னேன்" என்றால் மூன்றாவது. குவான்டிட்டி சர்வேயிங் பாதையில் அளவையும் விலையிடலும், ஒப்பந்த நடைமுறை, கொள்முதல், நிதிக் கட்டுப்பாடு, கட்டுமானத் தொழில்நுட்பம் போன்ற மையத் திறன்கள் எல்லாம் மூன்றாம் நிலைக்கு எட்ட வேண்டும். தொழில் நெறிமுறையும் மூன்றாம் நிலைதான்.

இதற்காகத்தான் எம்எஸ்சியின் முதல் வாரத்திலேயே ஒரு நோட்டு போடுங்கள் என்கிறேன். தினமும் நான்கு வரி போதும்: எந்த புராஜெக்ட், என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், யாருக்கு என்ன சொன்னேன். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "மூன்றாம் தளம், ஃபால்ஸ் சீலிங் வேரியேஷன் (ஒப்பந்த வேலையில் மாற்றம்). ஒப்பந்ததாரர் புது ரேட் கேட்டார். பில்லில் உள்ள ரேட்டே பொருந்தும், வேலையின் தன்மை மாறவில்லை, உயரம் மட்டும் 200 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. தொங்கு கம்பிக்கு மட்டும் கூட்டலாம் என்று மேலாளரிடம் சொன்னேன்." இந்த நான்கு வரி மூன்று வருடம் கழித்து மூன்றாம் நிலைக்கு உதாரணமானது. எழுதாமல் விட்டிருந்தால் அந்த உயரம் நினைவில் நின்றிருக்காது.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தத் திறன் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசனை நிறுவனத்தில் செலவுத் திட்டமும் டெண்டரும் நிறையக் கிடைக்கும். ஒப்பந்ததாரரிடம் போனால் துணை ஒப்பந்தம், கிளெய்ம், பணப்புழக்கம். ஒரு பக்கத்திலேயே இருந்தால் சில கட்டங்கள் காலியாகவே நிற்கும். மேலாளரிடம் கேட்டு ஆறு மாதம் இடம் மாறுங்கள். ஒரே புராஜெக்டில் இரண்டு வருடம் ஸ்டீல் மட்டும் அளந்துகொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஸ்டீலில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஆனால் டெண்டர் ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை.

கேஸ் ஸ்டடியும் அந்த ஒரு மணி நேரமும்

எழுத்தில் கொடுப்பவற்றில் 3,000 சொல் கேஸ் ஸ்டடி முக்கியமானது. பெரிய புராஜெக்ட் தேவையில்லை. நீங்களே முடிவெடுத்த ஒன்றிரண்டு சிக்கல்கள் உள்ள புராஜெக்ட் வேண்டும். எனக்கு என்னென்ன வழிகள் இருந்தன, எதை ஏன் ஒதுக்கினேன், எதை ஏன் பரிந்துரைத்தேன் என்று எழுதுங்கள். கோபுரத்தின் உயரத்தையும் மாடிகளின் எண்ணிக்கையையும் இரண்டு பக்கம் வர்ணித்தால் மதிப்பெண் வராது.

நேர்முகம் 60 நிமிடம். முதலில் கேஸ் ஸ்டடி பற்றிப் பத்து நிமிடம் நீங்கள் பேச வேண்டும், பிறகு கேள்விகள். ஒரு மூத்த சகா எனக்கு மாதிரி நேர்முகம் நடத்தினார். முடிந்ததும் ஒரு தாளைக் காட்டினார். கோடு கோடாகக் கிழித்திருந்தார், 31 கோடு. நான் "நாங்கள்" என்று சொன்ன எண்ணிக்கை அது. "நாங்கள் டெண்டரை மதிப்பிட்டோம் என்றால் நீங்கள் என்ன செய்தீர்கள்? போட்டோகாபி எடுத்தீர்களா?" என்றார். நம் பழக்கத்தில் நான் நான் என்று பேசுவது கர்வம் போலத் தோன்றும். இங்கே அந்தக் கூச்சத்தை வெளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

தெரியாத கேள்வி வந்தால் அடித்துவிடாதீர்கள். "எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, இன்ன ஆவணத்தில் பார்த்துவிட்டுத்தான் வாடிக்கையாளருக்குச் சொல்வேன்" என்பதை ஏற்றுக்கொள்வார்கள். எல்லாக் கேள்விக்கும் அதையே சொன்னால் மட்டும் ஏற்க மாட்டார்கள். நெறிமுறைக் கேள்வி கட்டாயம் வரும். ஒப்பந்ததாரர் விலையுயர்ந்த பரிசு கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கு "வாங்க மாட்டேன்" என்று நிறுத்திக்கொண்டால் பாதிப் பதில்தான். யாரிடம் தெரிவிப்பீர்கள், எங்கே பதிவு செய்வீர்கள், அந்த நேரத்தில் டெண்டர் எதுவும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதுவரை போக வேண்டும்.

தேறாவிட்டால் "ஃபெயில்" என்று சொல்வதில்லை, "ரெஃபரல்" என்பார்கள். எந்தெந்தத் திறனில் குறை என்று எழுதி அறிக்கை வரும். வந்த அன்று அதைப் படிக்காதீர்கள், கோபத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் கழித்து எடுத்து, குறிப்பிட்ட ஒவ்வொரு திறனுக்கும் எதிரே நோட்டிலிருந்து ஒரு புது உதாரணத்தை எழுதுங்கள். உதாரணம் கிடைக்காத வரிசை எதுவோ, அந்த வேலையை அடுத்த நான்கைந்து மாதத்துக்குள் மேலாளரிடம் கேட்டு வாங்கிச் செய்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.